சிறுவர் கால்பந்து: சத்தம் போடும் பெற்றோரையும் ஏசும் கோச்சையும் சமாளிப்பது எப்படி

சிறுவர் கால்பந்தில் வரும் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கும்: "என் பையனை ஏன் இறக்கல?" பொசிஷன், கேப்டன், ஜெர்சி நம்பர், ரெஃப்ரி என்று வெளியே எதைப் பேசினாலும் உள்ளே இருப்பது ஆட்ட நேரம்தான். அதனால் முதல் வேலை அதற்கு ஒரு கணக்கு போட்டு, பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் மாதக் கட்டணம் வாங்கி நடத்தும் அகாடமிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பள்ளி அணிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஆட்ட நேரக் கணக்கு

12 வயதுக்குட்பட்ட அணி, ஏழு பேர் ஆட்டம், குழுவில் 11 பிள்ளைகள், 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக நான்கு துண்டாக்குங்கள். துண்டுக்கு 7 இடம், மொத்தம் 28 இடம். இதைப் பங்கிட்டால் 6 பேருக்கு மூன்று துண்டு, 5 பேருக்கு இரண்டு துண்டு வரும். அதாவது யாருக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாது. அடுத்த ஆட்டத்தில் குறைவாக ஆடிய அந்த 5 பேருக்கும் மூன்று துண்டு. மூன்று துண்டு பெறும் ஆறாவது ஆள் வருகைப் பதிவேட்டில் மேலே இருப்பவர் என்று வைத்துக்கொண்டால் பாரபட்சம் என்ற பேச்சே எழாது.

கோல்கீப்பரை ஒரு பாதி முழுக்க நிறுத்துங்கள், அது இரண்டு துண்டாகக் கணக்காகும். பத்து வயதுக்குக் கீழே ஒரே பிள்ளையைப் பருவம் முழுக்க கீப்பராக்க வேண்டாம். வெளியே போன ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரலாமா என்பதைப் போட்டி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் ஆட்டங்களுக்கு இதை அனுமதிக்க, உலக அளவில் கால்பந்து விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. அமைப்பின் விதிகளிலேயே இடம் இருக்கிறது, ஆனால் முடிவெடுப்பது போட்டி நடத்துபவர்கள்.

இந்தக் கணக்கு உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில். 0-1 என்று பின்தங்கி எட்டு நிமிடம் மீதி இருக்கும்போது, கோச் இந்தக் கணக்கை எழுதிய சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு நன்றாக ஆடும் பையனையே உள்ளே வைத்திருப்பார். பெஞ்சில் ஷின் கார்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அன்று போகும் நம்பிக்கை அந்தப் பருவத்தில் திரும்பாது. தோற்றாலும் சீட்டின்படியே மாற்றுங்கள். இது முடியாது, திறமைப்படிதான் இறக்குவேன் என்றால் அதுவும் ஒரு முறைதான். 15 வயதுக்கு மேற்பட்ட தேர்வு அணிகளில் அது நியாயமும்கூட. ஆனால் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பருவத்துக்கு முந்தைய கூட்டம்

அரை மணி நேரம் போதும். அம்மா, அப்பாவோடு, தினமும் ஸ்கூட்டரில் பிள்ளையைக் கூட்டி வரும் தாத்தாவையும் அழையுங்கள். மைதானத்தில் நிற்கப்போவது அவர்தான். ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியவை: ஆட்ட நேர விதி, பொசிஷன் எப்படி மாறும், பயிற்சிக்கு வராவிட்டால் என்ன ஆகும், குறையை யாரிடம் எப்போது சொல்வது, ஆட்டத்தின்போது எங்கே நிற்பது, மழை பெய்தால் கட்டணம் என்ன ஆகும். கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். பெரிய மனஸ்தாபங்கள் அதில் தொடங்குவதுண்டு.

சான்றிதழ் விஷயத்தையும் அன்றே பேசிவிடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல பெற்றோர் எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சை நெருக்குகிறார்கள். டர்ஃபில் நடக்கும் தனியார் வார இறுதிக் கோப்பையின் சான்றிதழ் அதற்கு உதவாது, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் வேண்டும் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆசை காட்டிச் சேர்த்த பிள்ளைகளின் பெற்றோர்தான் பின்னால் எல்லாரையும்விடக் கோபமாக வந்து நிற்பார்கள்.

ஆட்ட நாளில்

எல்லைக்கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள், கயிறு இல்லையென்றால் கோன் வரிசை. பெற்றோர் அதற்குப் பின்னால், இரு அணி பெஞ்சுகளுக்கும் எதிர்ப்பக்கத்தில் நிற்கட்டும். கோல்போஸ்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2008-ல் தொடங்கிய 'ரெஸ்பெக்ட்' திட்டத்திலும் பார்வையாளருக்கு இப்படித் தனி இடம் ஒதுக்குவது உண்டு. செலவு குறைவு, பலன் அதிகம்.

தூரத்தில் நிறுத்துவதற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடும் பையனை ஐந்து நிமிடம் கவனியுங்கள். பந்து காலுக்கு வருகிறது. பெஞ்சுப் பக்கத்திலிருந்து கோச் "ஹோல்ட் பண்ணு" என்கிறார், கோட்டோரத்திலிருந்து அப்பா "அடிடா" என்கிறார். பையன் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்க்கிறான். அந்த ஒரு நொடியில் டிஃபெண்டர் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான். அடுத்த முறை பந்து வரும்போது பையன் முதலில் கோட்டைத்தான் பார்ப்பான். கொஞ்ச நாளில் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்கப் பழகிவிடுவான்.

கத்துகிற பெற்றோரை எல்லார் முன்னிலையிலும் கோச் அதட்டினால் விஷயம் மானப் பிரச்சினையாகிவிடும். அதற்கு முன்பே ஒரு பெற்றோரை டீம் மேனேஜராக நியமித்து, பேசுகிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். முதல் முறை, பக்கத்தில் போய் நின்று மெதுவாக: "சார், பசங்க குழம்புறாங்க. கைதட்டுங்க, சொல்லிக் கொடுக்கிறத கோச் பார்த்துப்பார்." இரண்டாம் முறை, இடைவேளையில் தனியாக அழைத்து, கையெழுத்திட்ட காகிதத்தை நினைவூட்டலாம். மூன்றாம் முறை, ஆட்டம் முடியும் வரை வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். அப்பாவின் நடத்தைக்காகப் பிள்ளையை மாற்றி பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள், தவறு செய்யாத ஆளுக்குத் தண்டனை அது.

கை சும்மா இருந்தால் வாய் நிற்காது என்பவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். பிள்ளையின் பெயர் எழுதாமல், அணி தொடர்ச்சியாக மூன்று பாஸ் கொடுத்தது எத்தனை முறை என்று மட்டும் நோட்டில் குறிக்கச் சொல்லலாம். பலருக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

ரெஃப்ரியைத் திட்டுவதற்கு மட்டும் மூன்று வாய்ப்பெல்லாம் கிடையாது. சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதுவது பெரும்பாலும் 17, 18 வயது சீனியர் பையன்தான். 2019 முதல் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெற்றோருக்கு அட்டை இல்லை, ஆனால் வெளியார் குறுக்கீட்டுக்காக ஆட்டத்தை நிறுத்தவோ கைவிடவோ ரெஃப்ரிக்குக் கால்பந்து விதி 5-ன்படி அதிகாரம் உண்டு. அதை அந்தப் பையனுக்கு ஆட்டத்துக்கு முன்பே சொல்லி, "நிறுத்தினா நாங்க உன் பக்கம் நிப்போம்" என்று இரண்டு கோச்சுகளும் உறுதி கொடுக்க வேண்டும்.

குறை பேச வரும்போது

ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பார்க்கிங்கில் மடக்கினால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நாளன்னைக்கு பிராக்டீஸுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கு வாங்க சார், உக்காந்து பேசுவோம்." பாதிப் பேர் அன்று வரமாட்டார்கள். வருபவருக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள், மூன்றாம் ஆள் ஒருவர் உடன் இருக்கட்டும், பிள்ளை இருக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு ஆட்ட நேரச் சீட்டுகளை எடுத்து முன்னால் வையுங்கள். எண்கள் கையில் இருந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

பேச்சு வேறு பிள்ளை மேல் திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள்: "உங்க பையனைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். மத்தவங்க பசங்களைப் பத்தி அவங்க அப்பா அம்மாகிட்ட மட்டும்தான் பேசுவேன்." முடிக்கும்போது அடுத்த நான்கு வாரத்தில் பிள்ளை செய்ய வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். "நல்லா உழைக்கணும்" போன்றவை உதவாது. "இடது காலால் பாஸ், தினமும் சுவரில் 50 முறை" என்பது உதவும்.

வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள். நேரம், இடம், ஜெர்சி நிறம், அவ்வளவுதான். இரவு பதினொன்றரைக்கு வரும் நீளமான செய்திக்கு அன்றே பதில் எழுத வேண்டாம்.

கோச் சரியில்லை என்றால்: பெற்றோருக்கு

முதலில் எது பிடிக்கவில்லை, எது தப்பு, எது ஆபத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிஃபென்ஸில் ஆட வைக்கிறார் என்பது பிடிக்காத விஷயம். அதைப் பிள்ளையே கேட்கட்டும். 11, 12 வயதுப் பிள்ளையால் முடியும். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்: "கோச், எனக்கு மிட்ஃபீல்ட் ஆட ஆசை. நான் எதை இம்ப்ரூவ் பண்ணணும்?" ஏன் இறக்கவில்லை என்று கேட்டால் கோச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் சொல்வார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லியாக வேண்டும்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, தோற்றதற்குத் தண்டனையாக ஓட விடுவது, தண்ணீர் குடிக்க விடாமல் இருப்பது ஆகியவை தப்பு. மே மாத வெயிலில் தண்ணீரைத் தடுப்பதை 'கட்டுப்பாடு' என்று சொல்லும் கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள், ஹீட் ஸ்ட்ரோக் உயிருக்கே ஆபத்து. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். முதலில் கோச்சிடம் நேரில், சரியாகாவிட்டால் அகாடமி பொறுப்பாளரிடம் எழுத்தில். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் கேட்பார்கள், கூட்டமாகப் போனால் கதவை மூடுவார்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையை அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கச் சொல்லும் கோச்சிடம் வாதாட வேண்டியதில்லை. உள்ளே போய் பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, தூக்கக் கலக்கம் இருந்தால் நேராக மருத்துவமனை. மருத்துவர் சரி என்று சொல்லும் வரை பயிற்சி கிடையாது.

பிறப்புச் சான்றிதழில் இரண்டு வயது குறைக்கச் சொல்லும் கோச்சும் இருக்கிறார். "எல்லாரும் பண்றாங்க சார்" என்பார். மறுத்துவிடுங்கள். இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே மூலம் எலும்பு வயதைப் பார்க்கும் டி.டபிள்யூ.3 சோதனை உண்டு. சிக்கினால் தடை வருவது பிள்ளைக்கு. போலிச் சான்றிதழ் குற்ற வழக்கும் ஆகும். அதைவிட, தன்னைவிடச் சின்னவர்களோடு உடல் பலத்தில் ஜெயித்துப் பழகிய பிள்ளை, 17 வயதில் எல்லாரும் வளர்ந்த பிறகு ஆட்ட நுணுக்கம் எதுவும் கைவசம் இல்லாமல் நிற்பான்.

அடிப்பது, தொடுவது, தனியாக வரச் சொல்வது, இரவில் பிள்ளைக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புவது என்றால் மேலே சொன்ன படிகள் எதுவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, அவசரத்துக்கு 112. பள்ளி பி.டி. மாஸ்டராக இருந்தாலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்கிறது. பாலியல் தொல்லை என்றால் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த ஒருவர் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். "அகாடமி பேர் கெட்டுடும்" என்று சமாதானம் பேச வருபவரிடமும் இதைச் சொல்லலாம். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, மீதியை அதற்கான அதிகாரியிடம் விடுங்கள்.

விலகுவது என்று முடிவானால்

பருவத்தின் நடுவில் மாறுவதைவிட முடிந்த பின் மாறுவது எளிது, ஆபத்து இல்லாத பட்சத்தில். பிள்ளை இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற வீரர் பதிவு இணையதளத்தில் ஏதாவது கிளப்பில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மாற்றம் முறைப்படி நடக்க வேண்டும், அதை முடிக்காமல் புது அணிக்காக இறக்கினால் ஆட்டப் புள்ளிகள் பறிபோகலாம். அசல் பிறப்புச் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ எந்த அகாடமியிடமும் ஒப்படைத்து வைக்காதீர்கள், நகல் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் விலகுவதைச் சொல்வதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கட்டண பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்குங்கள். பழைய அணிப் பிள்ளைகளிடம் விடைபெற உங்கள் பிள்ளைக்கு ஒரு மாலை நேரம் கொடுங்கள். சண்டை பெரியவர்களுக்குள்தான், பிள்ளைகள் அடுத்த குறுவட்டப் போட்டியில் மறுபடி சந்திக்கப்போகிறவர்கள்.