மனநல மருந்தும் விபத்துச் சேர்க்கையும்: ஆய்வு சறுக்கும் இடங்கள்

மனநல மருந்து எடுத்தால் விபத்துக் காயம் கூடுகிறதா, குறைகிறதா என்று ஆராயும்போது, மருந்து எடுப்பவர்களை ஒரு பக்கமும் எடுக்காதவர்களை மறுபக்கமும் வைத்து, யார் அதிகம் அடிபட்டு கேஷுவால்டிக்கு வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளில் துறுதுறுப்பு அடங்காதவனுக்குத்தான் பெரும்பாலும் அதற்கான மருந்தான மெத்தில்ஃபெனிடேட் எழுதுகிறார்கள். மதில் ஏறிக் குதித்துக் கையை ஒடித்துக்கொள்பவனும் அவன்தான். நோயின் கடுமை மருந்தின் கணக்கில் ஏறிவிடும். அந்தத் தவறான முடிவை நம்பி ஒரு குடும்பம் மருந்தை நிறுத்தினால், பாதிப்பு பிள்ளைக்கு.

ஒரே பிள்ளையின் மருந்து நாட்களை அவனுடைய மருந்தில்லா நாட்களோடு ஒப்பிடுங்கள். ஹாங்காங்கில் மெத்தில்ஃபெனிடேட் எடுத்த 17,381 பேரை (வயது 6 முதல் 19) வைத்து 2015-ல் வெளியான ஆய்வின் வழி இதுதான். அவர்களில் 4,934 பேர் ஒரு முறையாவது அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்திருந்தார்கள். மருந்து நாட்களில் அந்த வருகை 9 சதவீதம் குறைவு. காயம் அல்லாத காரணங்களுக்கான வருகையையும் அதே முறையில் எண்ணினார்கள். அதில் வித்தியாசம் தெரியவில்லை; ஆக, மருந்து நாட்களில் மருத்துவமனைக்கு வருவதே பொதுவாகக் குறைந்ததால் வந்த கணக்கல்ல இது. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

பெங்களூரில் அதை அப்படியே செய்ய முடியாது. ஹாங்காங்கில் அரசு மருத்துவமனைகளின் பதிவுகள் ஒரே கணினித் தொகுப்பில் இருக்கின்றன. இங்கே தலைக்காயம் நிம்ஹான்ஸுக்கு (மனநல, நரம்பியல் மருத்துவமனை) போகும், எலும்பு முறிவு ஜெயநகர் சஞ்சய் காந்தி மருத்துவமனைக்குப் போகும், அத்திப்பள்ளிப் பக்கம் விழுந்தவனை ஓசூருக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். உங்கள் மருத்துவமனை ரிஜிஸ்டரில் பெயர் இல்லையென்றால் அடிபடவில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஃபாலோ-அப்பிலும் கேளுங்கள், தமிழ் பேசும் தாயிடம் தமிழிலேயே: “போன தடவை வந்துட்டுப் போனதுக்கப்புறம் அடிபட்டு எந்த ஆஸ்பத்திரிக்காவது போனீங்களாம்மா?” டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை வாங்கி வையுங்கள்.

சீட்டில் எழுதியதெல்லாம் வயிற்றுக்குள் போனதாக எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய பிழை. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறானா?” என்றால் “ஆமா சார்” என்றுதான் பதில் வரும். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டு, மீதமுள்ள அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள். தினம் ஒன்று வீதம் 30 மாத்திரை வாங்கியவர் 45 நாள் கழித்து வந்தால், குறைந்தது 15 நாள் இடைவெளி எங்கோ இருக்கிறது.

அந்த இடைவெளி எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் பல வீடுகளில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதே மாதங்களில்தான் பிள்ளைகள் நாள் முழுக்க தெருவில் சைக்கிளும் கிரிக்கெட்டுமாக இருப்பார்கள். பருவத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விடுமுறைக் காயங்களெல்லாம் மருந்தில்லா நாட்களில் குவிந்து, மருந்து காப்பாற்றியதுபோல் பொய்த் தோற்றம் வரும்.

நாளைவிட நேரத்தைக் குறிப்பது நல்லது. சாதாரண (உடனே கரையும்) மெத்தில்ஃபெனிடேட் ஏறக்குறைய 4 மணி நேரமே வேலை செய்யும். காலை 8 மணிக்குப் போட்டவன் மாலை 7 மணிக்கு பைக்கில் விழுந்தால் அது மருந்து வேலை செய்த நேரமல்ல. எந்த வகை மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு அடிபட்டான் என மூன்றுக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

விபத்துக்குப் பிறகுதான் சிலரை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மருந்து தொடங்குவதற்கு முந்தைய 30 நாட்கள்போல ஒரு காலத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். சாதாரண மருந்தில்லா நாட்களோடு கலந்தால் அந்தப் பக்கம் காயங்கள் செயற்கையாக ஏறும்.

நோய்க் குறியீட்டில், ஐசிடி-10-ன் (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல்) மருந்து விஷமேற்றங்களை (T36–T50) காயங்களோடு சேர்க்காதீர்கள். கேஸ் ஷீட்டில் “தவறி விழுந்தார்” என்று எழுதியதற்குப் பின்னால் தற்கொலை முயற்சி இருக்கலாம். அதைத் தனிமையில், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். ஆமென்று சொன்னால் படிவத்தை மூடிவைத்துவிட்டு, தனியே விடாமல், பணியில் இருக்கும் மனநல மருத்துவரிடம் அப்போதே அழைத்துப் போங்கள்.