பாரிஸில் கையைக் கடிக்காமல் வயிறாரச் சாப்பிட: முதல்முறை போகிறவர்களுக்கு

பாரிஸில் சாப்பாட்டுச் செலவு எகிறுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, கொலைப்பசியில் கண்ணில் பட்ட முதல் உணவகத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கு 35 யூரோ சாதாரணமாகப் போய்விடும். பல உணவகங்களில் அதே சமையலை மதியம் 16 முதல் 20 யூரோவுக்குள் சாப்பிடலாம். அதனால் சமைத்த பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையையும் இரவையும் ரொட்டிக்கடை, சந்தை, சூப்பர்மார்க்கெட் பார்த்துக்கொள்ளும். இப்படிப் போனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 யூரோ போதும். இங்கே சொல்லும் விலைகள் எல்லாம் தோராயமானவை.

படி 1: அறை பிடிக்கும்போதே

சிறிய ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ள அறையாகத் தேடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பால், தயிர், சீஸ் எதையும் வாங்கி வைக்க முடியாது. இந்தத் திட்டமே ஆட்டம் கண்டுவிடும். ஹோட்டல் காலை உணவை முன்பதிவில் சேர்க்க வேண்டாம். அந்தக் காசில் இரண்டு மூன்று நாள் காலைச் சாப்பாடு வெளியே முடிந்துவிடும்.

படி 2: காலையில் ரொட்டிக்கடை

‘பூலான்ஜ்ரி’ என்று பலகை போட்டிருக்கும் கடைக்குப் போங்கள். மாவை அங்கேயே பிசைந்து அங்கேயே சுடும் கடைதான் அந்தப் பெயரை வைக்கலாம் என்பது 1998 முதல் பிரான்ஸ் சட்டம். உள்ளே நுழைந்ததும் முதலில் “போன்ஜூர்”. அதைச் சொல்லாமல் நேராகக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

கேட்க வேண்டியது சாதா பகெத் (நீளக் குச்சி ரொட்டி) அல்ல, பழைய முறையில் செய்யும் ‘த்ரதிசியோன்’. சுமார் 1.30 யூரோ, சாதாவைவிடச் சில சென்ட்கள்தான் அதிகம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான் அடிப்படை. மாவை உறைய வைக்கக்கூடாது, சேர்மானம் போடக்கூடாது என்று 1993-ல் ஆணையே போட்டிருக்கிறார்கள். நல்லதென்றால் மேலோடு அழுத்தினால் நொறுங்கும். உள்ளே தூய வெள்ளையாக இல்லாமல் இளமஞ்சளாக, சிறிதும் பெரிதுமாகத் துளைகளோடு இருக்கும். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்பதால் தனியாகப் போனவர் பாதி ரொட்டி கேட்கலாம், பல கடைகளில் வெட்டித் தருவார்கள். கூடவே வாழைப்பழம், தயிர். மூன்று யூரோவில் காலை முடிந்தது.

காபியை நின்றுகொண்டே கவுண்டரில் குடியுங்கள். அதே எஸ்பிரஸோ வெளி மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் இரண்டு மடங்கு விலை. விலைப்பட்டியலிலேயே இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கும்.

படி 3: மதியச் சாப்பாடு

இதில்தான் கவனம் வேண்டும். உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலில் ஒட்டியாக வேண்டும் என்பது விதி. அதனால் உள்ளே போகுமுன்னே நின்று படியுங்கள். தேட வேண்டிய சொற்கள் இரண்டு: ‘பிளா து ஜூர்’, அதாவது அன்றைய சாப்பாடு, ‘ஃபோர்முல்’, அதாவது முதல் தட்டும் முக்கியச் சாப்பாடும், அல்லது முக்கியச் சாப்பாடும் இனிப்பும் சேர்ந்த மதியத் தொகுப்பு. பெரும்பாலும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள். தினமும் மாறுவதை அச்சடிக்க முடியாது என்பதால், கையெழுத்துப் பலகை நல்ல அறிகுறி. எட்டு மொழிகளில் படத்தோடு அச்சடித்த அட்டை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கூரை போட்ட வாணலிப் படம் தெரிந்தால் அது ‘அங்கேயே சமைத்தது’ என்பதற்கான அரசு முத்திரை, 2014 முதல் இருக்கிறது.

பலர் சறுக்குவது மூன்று இடங்களில்:

ஒன்று, நேரம். அடுப்படி 12 மணிக்குத் திறந்து இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். மறுபடி ஏழு மணிக்குத்தான். மூன்று மணிக்குப் போனால் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் விலை கூடின கடைகள்தான் மிஞ்சும்.

இரண்டு, கிழமை. மதியத் தொகுப்பு பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான்.

மூன்று, ‘ஆந்த்ரே’. பிரெஞ்சில் அது முதலில் வரும் சின்னத் தட்டு. அதை முக்கியச் சாப்பாடு என்று நினைத்து வாங்கினால் பசி அடங்காது.

நேரம் தவறிவிட்டால் 1896-லிருந்து நடக்கும் பூய்யோன் ஷார்த்தியே என்ற உணவகம் கைகொடுக்கும். கிரான் பூல்வார் மெட்ரோ பக்கம், இடைவேளை இல்லாமல் இரவு வரை திறந்திருக்கும். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். பரிமாறுபவர் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே ஆர்டரை எழுதி, கடைசியில் அதிலேயே கூட்டிப்போடுவார். கூட்டலை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாரிஸ் சமையலை மலிவாக ருசி பார்க்க இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம்.

சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை.

படி 4: தண்ணீர்

உட்கார்ந்ததும் “பிளாத் ஊ காஸூஸ்?”, அதாவது சாதாத் தண்ணீரா, கேஸ் உள்ளதா என்று கேட்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில்தான், ஐந்தாறு யூரோ வரும். “ஊன் கராஃப் தோ, சில் வூ ப்ளே” என்று சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் குடுவையில் வரும், இலவசம். சாப்பாட்டோடு தரும் ரொட்டிக்கும் காசு கிடையாது. வெளியே பாட்டிலை நிரப்ப 1872 முதல் நிற்கும் பச்சை வாலஸ் குழாய்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பலவற்றை மூடிவிடுவார்கள்.

படி 5: சைவம், மாடு, பன்றி

‘லார்தோன்’, ‘ஜாம்போன்’ இரண்டும் பன்றி. சில சாலட்டுகளிலும், முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடும் கீஷ் லொரேனிலும் லார்தோன் இருக்கும். வெங்காய சூப் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வது. ‘பஃப்’ என்றால் மாடு. ‘ஸ்தேக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் பெரும்பாலும் மாடுதான். “வெஜிதாரியன்” என்று சொன்னாலும் சிலர் மீனைக் கொண்டுவருவார்கள். “சான் வியாந்த், சான் புவாசோன்”, அதாவது கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். கடும் சைவர்கள் கோம்தே, கமெம்பெர் போன்ற பாரம்பரிய சீஸ்களை விட்டுவிடலாம். அவற்றில் பாலை உறைய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற பொருள் சேரும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

நம் சாப்பாடுதான் வேண்டும் என்று நாக்கு கேட்கும் நாளில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நடங்கள். நம்மவர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் பகுதி அது. ஃபோபூர் சான் தெனி தெருவிலும் காய் தெருவிலும் ஈழத்தமிழர் கடைகள். தோசை, இடியப்பம், கொத்துரொட்டி எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

படி 6: சந்தையும் இரவுச் சாப்பாடும்

12-வது வட்டாரத்தில் உள்ள அலிக்ர் சந்தைக்கு மதியம் ஒரு மணி வாக்கில் போங்கள். கடை கட்டும் நேரம் என்பதால் தக்காளி, பீச் எல்லாம் பெட்டியோடு ஒரு யூரோ, இரண்டு யூரோ என்று கூவி விற்பார்கள். அடியில் நசுங்கியது இருக்கும், அன்றைக்கே தின்றுவிட வேண்டும். பழத்தை நீங்களே பொறுக்காதீர்கள். விற்பவர்தான் எடுத்துத் தருவார்.

இருவருக்கு ஒரு இரவு இப்படி: ஒரு த்ரதிசியோன், சீஸ் 150 கிராம், துருவிய கேரட் சாலட் டப்பா 300 கிராம், கூஸ்கூஸ் சாலட்டான தபூலே டப்பா 300 கிராம், நான்கு தயிர், சந்தைத் தக்காளி. ஏறக்குறைய 12 யூரோ. தபூலேயில் சிலவற்றில் கோழி இருக்கும். சில சூப்பர்மார்க்கெட்டுகளில் பழத்தை நீங்களே எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், மறந்தால் பில் போடும் இடத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள்.

ஞாயிறு மதியத்துக்குமேல் பல சூப்பர்மார்க்கெட்டுகள் மூடிவிடும், திங்கட்கிழமை அலிக்ர் சந்தை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு நாளுக்கு வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் அறைக்குப் பக்கத்தில் இரண்டு ரொட்டிக்கடையாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று விடுமுறைக்கு மூடியிருந்தால் மற்றது இருக்கும்.