வேலை முடிந்த பின் மாலை ஜெபம்: பாரம் ஏன் இறங்குவதில்லை?

"ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். என் பாரங்களையெல்லாம் நீர் சுமந்துகொள்ளும், ஆமென்." சொல்லிவிட்டு எழுந்தால் மனதில் அதே மேலதிகாரி, அதே மின்னஞ்சல், நாளைக்கு முடிக்க வேண்டிய அதே வேலை. இப்படி ஆகும்போது தங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பலர் நொந்துகொள்கிறார்கள். அப்படி நினைக்கத் தேவையில்லை. ஜெபிக்கும் விதத்தில் சில பழக்கங்களை மாற்றினாலே போதும்.

முதல் தவறு, பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது. "என் பாரங்கள்" என்று மொத்தமாகச் சொன்னால், எதை ஒப்புக்கொடுத்தோம் என்று நமக்கே தெரியாது. யூதாவின் ராஜா எசேக்கியா செய்ததைப் பாருங்கள். அசீரிய ராஜா சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் கடிதம் வருகிறது. அதை வாங்கி வாசித்தவர், ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக அந்தக் கடிதத்தையே விரித்து வைக்கிறார் (2 இராஜாக்கள் 19:14). அவருடைய ஜெபத்தில் சனகெரிப்பின் பெயர் வருகிறது. அசீரியர்கள் மற்ற தேசங்களை அழித்தது உண்மைதான் என்றும் ஒத்துக்கொள்கிறார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

நம்முடைய மாலை ஜெபமும் அப்படி இருக்கலாம். "ஆண்டவரே, மதியக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்த வேலை நிலைக்குமா என்று பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை உம்மிடம் வைக்கிறேன்." இவ்வளவுதான். பக்தியான வார்த்தைகளைத் தேட வேண்டாம். மனம் கசந்திருந்தால் கசப்போடே சொல்லலாம். 88-ஆம் சங்கீதம் இருளைப் பற்றிப் பேசியபடியேதான் முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது.

ஆனால் இதிலேயே அடுத்த ஆபத்தும் இருக்கிறது. விவரமாகச் சொல்ல ஆரம்பித்து, ஜெபம் மெல்ல மெல்ல அலுவலக வாக்குவாதத்தின் தொடர்ச்சியாகிவிடும். "நான் இவ்வளவு உழைக்கிறேன், அவர் என்ன செய்கிறார்?" என்று வழக்கு வாதாடத் தொடங்குவோம். ஆயக்காரனோடு, அதாவது வரி வசூலிப்பவனோடு, தன்னை ஒப்பிட்டுப் பேசிய பரிசேயனின் (யூத மதப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவனின்) ஜெபம் (லூக்கா 18) இந்த வகைதான். நடந்ததை ஒருமுறை சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். அதே காட்சி திரும்பவும் மனதில் ஓடினால், "அதை உம்மிடம் சொல்லிவிட்டேன் ஆண்டவரே" என்ற ஒரு வரி போதும்.

பலர் விட்டுவிடும் இன்னொன்று, அந்த நாளில் நம் பக்கம் நடந்த தவறு. மேலதிகாரி நம்மைக் கடிந்துகொண்டது நினைவில் நிற்கும். நாம் கீழே வேலை செய்பவரிடம் எரிந்து விழுந்தது எளிதில் மறந்துபோகும். மன அழுத்தத்தில் ஒரு பகுதி இந்தக் குற்ற உணர்வுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மச் சோதனை இதற்கு நல்ல வழி: முதலில் நன்றி, பிறகு வெளிச்சம் கேட்பது, அதன்பின் நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, கடைசியாகத் திருந்தத் தீர்மானிப்பது. நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். மன்னிப்போடும் முடிவதில்லை. யாரிடம் கடுமையாகப் பேசினோமோ அவரிடம் காலையில் போய்ப் பேசுவது என்று முடிவெடுத்த பிறகுதான் நெஞ்சு லேசாகும்.

அப்புறம், களைப்பை ஆவிக்குரிய தோல்வியாக நினைப்பது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்; இரண்டாம் தரமும் அப்படியே நடந்தது. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வெகு தூரம் கடந்து, ஓரேப் மலையில்தான் வருகிறது (1 இராஜாக்கள் 19). பசியோடும் தலைவலியோடும் உட்கார்ந்து நீண்ட ஜெபத்துக்கு முயல வேண்டாம். சாப்பிட்டு, குளித்துவிட்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளின் இரவு ஜெபத்துக்குத் தினமும் அதே மூன்று சங்கீதங்களைத்தான் வைத்தார்: நம் வேதாகம எண்ணிக்கையில் 4, 91, 134. களைத்த மனதுக்குப் புதிய வார்த்தைகள் தேவைப்படுவதில்லை. 134-இல் இருப்பதே மூன்று வசனங்கள்.

ஜெபித்து முடித்ததும் போனை எடுத்து அலுவலகச் செய்திகளைப் பார்ப்பது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது அது. மறுநாள் வேலைகளை ஜெபத்துக்கு முன்பே தாளில் எழுதி வைத்துவிட்டால், மறந்துவிடுவோமோ என்ற பதற்றம் இருக்காது. உடனே அமைதி வந்ததா, தூக்கம் வந்ததா என்று ஜெபத்தை அளந்து பார்ப்பதும் வேண்டாம். சில இரவுகளில் வராது. ஒப்புக்கொடுத்தது ஒப்புக்கொடுத்ததுதான்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலையிடத்தில் அநியாயம் நடக்கும்போது, "ஜெபித்துவிட்டேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வாய் திறக்காமல் இருப்பது விசுவாசம் ஆகாது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியபோது எதிரிகள் சூழ்ந்தார்கள். நெகேமியாவும் கூட இருந்தவர்களும் தேவனை நோக்கி ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). துன்புறுத்தல் என்றால் புகார் கொடுங்கள், சம்பளம் வராவிட்டால் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். போகும் முன் ஜெபியுங்கள். துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டும் போங்கள்.