சிற்றிதழுக்குச் சிறுகதை அனுப்புவது எப்படி?

சிற்றிதழ்களில் பெரும்பாலானவை, வேறு வேலை பார்க்கும் ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தையும் கைக்காசையும் செலவிட்டு நடத்துபவை. இதை மனத்தில் கொண்டால், அவர்கள் விதிக்கும் நிபந்தனைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில், அனுப்ப விரும்பும் இதழின் அண்மைய இதழ்கள் இரண்டையாவது முழுமையாகப் படியுங்கள். படைப்பாளிகளுக்கான அறிவிப்பு சொற்களின் எண்ணிக்கையைச் சொல்லும். ஆசிரியரின் ரசனையைச் சொல்லாது. 1,500 சொற்கள் கேட்கும் இடத்துக்கு 4,000 சொற்களில் எழுதி, 'வேண்டிய இடத்தில் சுருக்கிக்கொள்ளுங்கள்' என்று குறிப்பு வைப்பது, எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை ஆசிரியரின் தலையில் கட்டுவதாகும்.

கோப்பு விஷயத்தில் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே திறக்கும். ஆகவே, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள். (யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது, இன்னும் தயங்குவதற்குக் காரணமில்லை.) வேறு குறிப்பு இல்லையெனில் பி.டி.எஃப். வேண்டாம், அதில் திருத்துவது கடினம். கோப்புக்குப் 'புதியகதை-கடைசி-3' என்று பெயரிடாமல், கதையின் தலைப்பையும் உங்கள் பெயரையும் இடுங்கள். பெயர் மறைத்துப் பரிசீலிக்கும் இதழ் என்றால், கோப்பில் உங்கள் பெயர் எங்கும் இருக்கக்கூடாது.

மின்னஞ்சலில் மூன்று வரிகள் போதும்: 'வணக்கம். "கிணற்றடி" என்ற சிறுகதையை (1,420 சொற்கள்) தங்கள் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். இது வேறெங்கும் வெளியாகவில்லை.' கதைச்சுருக்கமோ, அதை எழுத நேர்ந்த சூழலோ வேண்டியதில்லை. வலைப்பூவிலோ பேஸ்புக்கிலோ இட்ட கதையைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகவே கருதும் என்பதால், கடைசி வரியை உண்மையாக எழுதுங்கள்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்பதை அந்தந்த இதழின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அனுமதி இருந்து, ஓரிடத்தில் கதை தேர்வானால், அன்றைக்கே மற்ற இதழ்களுக்குத் தெரிவித்துக் கதையைத் திரும்பப் பெறுங்கள். மூன்று மாதங்கள் கடந்தும் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.

கதை தேர்வானபின் மெய்ப்பு (வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பும் படி) வந்தால், எழுத்துப்பிழைகளையும் விடுபட்டவற்றையும் மட்டும் குறித்து அனுப்புங்கள். முடிவை மாற்றி எழுதும் கட்டம் அதற்கு முன்பே கடந்துவிட்டது.