பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

14 974 860 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். டர்பன் தமிழர் மறக்காத 1860 (இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதன்முதலில் அங்கே வந்திறங்கிய ஆண்டு) இதற்குள் ஒரு காரணியாக இருக்கிறது.

எழுதும்போதே பிழை நுழைந்துவிடும். தமிழ்நாட்டுக் காணொளிகளில் இது 1,49,74,860. தென்னாப்பிரிக்கப் பாடப்புத்தகத்தில் மும்மூன்று இலக்கமாக இடைவெளி விடுவார்கள். காற்புள்ளி தசமத்துக்கு உரியது. ஆகவே 14,974 என்று எழுதினால் இங்கே அது பதினைந்துக்கும் குறைவு. எக்செலில் வேறு சிக்கல்: 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் 13 இலக்கத் தென்னாப்பிரிக்க அடையாள எண் 0-இல் தொடங்கும், அந்தப் பூச்சியம் காணாமல் போகும். 16 இலக்க வங்கி அட்டை எண்ணில் கடைசி இலக்கமே 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

வகுபடும் விதிகளில், 4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆலும் வகுபடும் என்று நினைப்பது பரவலான தவறு. நம் எண் 4-ஆல் வகுபடும், 6-ஆலும் வகுபடும். ஆனால் கடைசி மூன்று இலக்கமான 860-ஐ 8 மீதியின்றி வகுக்காது. அதனால் 24-ஆல் வகுபடாது. இரண்டுக்கும் 2 பொதுக் காரணி என்பதால் 12 வரைதான் உறுதி.

மிகப் பெரிய தவறு பாதியில் நிறுத்துவது. 2, 2, 3, 5, 31 என்று வகுத்துக்கொண்டே வந்தால் 8051 மிஞ்சும். 7, 11, 13, 17 எதுவும் வகுக்காது. உடனே “இது பகா எண்” என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிக்கக் கூடாது. மிஞ்சிய எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 89 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். (மூல எண்ணின் வர்க்கமூலமான 3869 வரை போவது வீண் வேலை.) குறுக்குவழியும் உண்டு: 8051 = 8100 − 49 = 90² − 7². ஆகவே 83 × 97. பார்க்கவே அழகான பிரிப்பு!

முழுப் பிரிப்பு: 2² × 3 × 5 × 31 × 83 × 97. 8051-ஐப் பகா எண் என்று விட்டிருந்தால் இனி வரும் வகுத்திகளின் எண்ணிக்கையும் கூடுதலும் தவறும்.

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 96. ஒன்றைக் கூட்ட மறந்தால் 2 என்று வரும். வகுத்தி இரண்டே என்றால் அது பகா எண்ணாகிவிடும்.

வகுத்திகளின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் 1 முதல் கூட்டி, அந்தக் கூடுதல்களைப் பெருக்க வேண்டும்: 3-க்கு 1 + 3 = 4, 2²-க்கு 1 + 2 + 4 = 7. அந்த 7-ஐ (1 + 2)² = 9 என்று போட்டால் 56 899 584 வரும். சரியான விடை 7 × 4 × 6 × 32 × 84 × 98 = 44 255 232.

இது மிகை எண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்ணா) என்று பார்க்க அந்தக் கூடுதலை அப்படியே ஒப்பிடக் கூடாது. 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அது எண்ணைவிட அதிகமாகவே இருக்கும். எண்ணைக் கழித்து 29 280 372-ஐ ஒப்பிடுங்கள். அதுவும் 14 974 860-ஐவிடப் பெரிது. ஆகவே மிகை எண்தான்.