சிறுவயது நண்பர்கள் மீண்டும் சந்திக்கும் காதல் கதையை எழுதுவது எப்படி?

பத்து வயதில் பிரிந்த இருவர் பதினாறு வயதில் மறுபடி சந்திக்கிறார்கள். பதின்பருவக் காதல் கதை எழுத உட்காரும் பலரையும் இந்தக் கரு இழுக்கும். ஆசை தாளாமல் நேராகச் சந்திப்புக் காட்சிக்குப் போய்விடுவோம். கொஞ்சம் பொறுங்கள். இடையில் போன அந்த ஆறு வருடம்தான் இந்தக் கதைக்கு உயிர். அதை முதலில் கட்டுவோம்.

படி 1: பிரிவை எழுதிக்கொள்ளுங்கள்

கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை, தனித் தாளில் ஒரு பக்கம் போதும். குடும்பம் ஊர் மாறிப் போனது என்றால் யார் மேலும் குற்றமில்லை. மிஞ்சுவது ஏக்கம் மட்டும். கடிதம் போடுகிறேன் என்று சொன்னவன் போடவே இல்லை என்றால்? அவன் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிறான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சந்திக்கும் முன்பே ஒரு கேள்வி காத்திருக்கிறது.

படி 2: ஒரே நாளுக்கு இரண்டு நினைவுகள்

இருவரும் சேர்ந்திருந்த ஒரு நாளை எடுத்து, அவன் நினைவில் ஒரு முறையும் அவள் நினைவில் ஒரு முறையும் எழுதுங்கள். இரண்டும் பொருந்தக் கூடாது. உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். அறிமுகமில்லாத நாட்டுப்புறக் கதை ஒன்றைப் படித்தவர்கள், பிறகு திரும்பச் சொன்னபோது அதைச் சுருக்கினார்கள், தங்களுக்குப் புரிந்த விதமாக மாற்றினார்கள். நம் பாத்திரங்களும் அப்படித்தான். மரத்திலிருந்து விழுந்த அன்று அவன் கைகொடுத்துத் தூக்கியதாக அவள் ஆறு வருடம் நம்பியிருக்கிறாள். பயத்தில் ஓடிவிட்டோமே என்று அவன் ஆறு வருடம் குறுகியிருக்கிறான். இந்த இரண்டும் மோதும் இடத்தில் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

பழைய நினைவைக் கிளப்ப, புகைப்படத்தைவிட வாசனை நல்லது. வாசனை எழுப்பும் நினைவுகள் பெரும்பாலும் வாழ்க்கையின் முதல் பத்து வருடங்களைச் சேர்ந்தவை என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

படி 3: எப்படிக் கூப்பிடுவார்கள்?

தமிழில் எழுதுகிற நமக்குக் கிடைத்த வரம் இது. சின்ன வயதில் ‘வாடா’, ‘போடி’. இப்போது? ‘நீ’ என்றால் அதிக உரிமை எடுப்பதுபோல் இருக்கும். ‘நீங்க’ என்றால் நெஞ்சில் குத்தும். இரண்டையும் தவிர்த்தே பேச நம் மொழி இடம் கொடுக்கிறது:

“வந்து ரொம்ப நாளாச்சா?”
“ஒரு வாரம்.”
“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

யாரும் யாரையும் விளிக்கவே இல்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அப்படியே தெரிகிறது. ‘அவள் தயங்கினாள்’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

படி 4: உடல் மாறியிருக்கிறது

குரல் உடைந்திருக்கும், உயரம் கூடியிருக்கும். அடையாளம் காட்ட மாறாத ஒன்றை மட்டும் வையுங்கள்: நகம் கடிப்பது, தலை சாய்த்துக் கேட்பது. ஒன்று போதும்.

படி 5: இப்போதைய ஆளைக் காதலிக்க வையுங்கள்

சிறுவயதுக் காட்சிகளை எல்லாம் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். இன்றைய அவனிடம் அவளுக்குப் பிடிக்க ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், அவள் காதலிப்பது பத்து வயதுப் பையனின் நினைவை. அவளுக்குத் தெரியாமல் அவன் கற்றுக்கொண்ட ஒன்று, மாற்றிக்கொண்ட ஒரு கருத்து, அவளிடம் சொல்லத் தயங்கும் ஒரு தோல்வி என்று சேருங்கள். அவளுக்கும் அதே அளவு. ‘இவனை எனக்குத் தெரியும்’ என்ற அவளது உறுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய வேண்டும். அதற்குச் சில அத்தியாயங்களாவது கொடுங்கள், அவசரப்படாதீர்கள்.

இன்றைக்கே ஒரு பயிற்சி: படி 3இல் உள்ள உரையாடலை இரண்டு பக்கத்துக்கு நீட்டுங்கள். ‘நீ’யும் வேண்டாம், ‘நீங்க’ளும் வேண்டாம். யாராவது ஒருவர் வாயிலிருந்து தவறி ஒரு ‘டா’ வந்து விழும் வரியில் பேனாவைக் கீழே வையுங்கள்.