இடம் கொள்ளாமல் ஊர்ந்த கடற்சாமந்தி

என் கடல்நீர் மீன்தொட்டியில் விட்ட புதிய கடற்சாமந்தி (பூப்போல விரியும் கடல் உயிரி, sea anemone) வைத்த பாறையில் தங்காமல் கண்ணாடிச் சுவரில் ஊர்ந்து, நீரைச் சுழற்றும் மோட்டாரை நெருங்கியதால், முதலில் மோட்டாரின் உறிஞ்சுவாயை ஸ்பான்ஜ் உறையால் மூடினேன். சிறிய தொட்டியில் அது அரைபட்டால் நீர் முழுவதும் கெட்டு மீன்களுக்கும் ஆபத்தாகும். பிறகு நீரோட்டத்தைக் குறைத்து, அது ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதியான பாதம் நுழையும் அளவுக்கு ஆழமான இடுக்குள்ள பாறையை வெளிச்சம் படும் இடத்துக்கு நகர்த்தினேன். ஒட்டியிருக்கும் பாதத்தைப் பிய்த்து இடம் மாற்றுவதை நான் ஏற்பதில்லை, கிழிந்தால் அழுகிவிடும். நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025 அளவிலும் வெப்பத்தை 25 முதல் 26 டிகிரி செல்சியசிலும் நிறுத்தி, ஆவியான நீரை உப்பில்லாத தூய நீரால் தினமும் ஈடுசெய்தேன். சிறு தொட்டியில் உண்மையான வேலை இதுதான். இடையில் அது சுருங்கிப் பழுப்புக் கழிவை உமிழ்ந்தபோதும் வாய் இறுக மூடியிருந்ததால் கவலைப்படவில்லை. பாதம் இடுக்கில் பற்றி, உணர்விழைகள் உப்பி விரிந்த பின்பே சிறு இறால் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். இழைகள் அதைச் சுற்றி வளைத்து, மெல்ல வாய்க்குள் தள்ளின.